மீன் காட்டும் பெட்டியில் பெய்த மழை

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நேற்றுக் காலைதான் போனில் "நாங்கள் நல்லா இருக்கிறம் அம்மா, நல்லா இருக்கிறம்" என்று கொழும்பு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாய். பிறகு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைக்கத் தொடங்கினால் போதும், உன் அப்பா கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஸ்பீக்கரில் போடு என்கிறார். நான் ஒரு சொல் சொன்னால் அவர் ஒன்பது சொல்கிறார். அவரைப் பற்றிய கதையை அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எப்படியடா சொல்வது? அதுதான் எழுதுகிறேன். சித்தப்பா நாளைக்கு ரயிலில் அங்கே வருகிறார். அவரிடம் கொடுத்துவிடும் கருவாட்டுப் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன். மணந்தால் என்னைத் திட்டாதே, கருவாட்டைத் திட்டு.

உன் கலியாணச் சாப்பாட்டில் பாரைக் குழம்பு சாப்பிட்டாய். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது அப்பாவின் வலையில் வந்த மீன் என்று உனக்குத் தெரியும். வலையில்தான் வந்தது. ஆனால் அது வந்த விதம் உனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று அப்பா என் வாயைக் கட்டினார், நான் உன் மனுசி சுகந்தியின் வாயைக் கட்டினேன். இப்போது கலியாணம் முடிந்து, நீங்கள் போய் வீடும் எடுத்து, அடுப்பும் மூட்டியாயிற்று. இனி எனக்கு அடக்கிவைத்திருக்க முடியாது. எனக்கு இயல்பாகவே வாய் கட்டுப்படாது என்பது உனக்குத் தெரிந்த விஷயம்தானே.

கதை வெள்ளாங்குளத்தில் தொடங்குகிறது. சம்பந்தம் பேச நாங்கள் சுகந்தி வீட்டுக்குப் போன அன்றைக்கு நீ வேட்டியைப் பிடித்தபடி விறைத்துப்போய் இருந்தாய், ஒன்றும் காதில் ஏறியிருக்காது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஸ்கான் நிலையத்துக்கு யுபிஎஸ் திருத்தப் போனவன், அங்கே டொக்டருக்கு மெஷின் போட்டுக் கொடுக்கிற பிள்ளையைப் பார்த்து நீயே திருந்தி வந்தாய் என்று அப்பா அங்கேயும் பகிடி விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. சுகந்தியின் அப்பா தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, நெல் மூட்டைகளைக் காட்டிச் சொன்னார்: "நம்ம வீட்டுப் பெரியவங்க மலையில தேயிலை பறிச்சவங்க. சொந்தமா ஒரு பிடி மண்ணு இருக்கல. இங்க வந்து காடு வெட்டி வயலாக்கினோம். அதனால கலியாணத்துக்கு அரிசி நம்மதுதான் சம்பந்தி. கடையில ஒரு மணி வாங்கக் கூடாது." அதைக் கேட்டதும் உன் அப்பாவுக்கு வீரம் வந்துவிட்டது. எழும்பி நின்று அவர் கையைப் பிடித்து, "அப்ப மீன் என்ர. சந்தையில ஒரு செதில்கூட வாங்க மாட்டன்" என்றார். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். கடலை நம்பி யாராவது வாக்குக் கொடுப்பார்களா? அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நீ அந்தப் பெட்டியை அனுப்பினாய். கடலுக்கு அடியில் சத்தத்தை அனுப்பி, அது மோதித் திரும்பி வருவதை வைத்து மீன் காட்டும் பெட்டி. சித்தப்பா அதை அப்பாவின் மீன்பிடி போட்டின் பின்பக்கத்தில் பூட்டி, வயரை இழுத்து, படம் தெரிய வைத்தார். நீ போனில், "அப்பா, சென்சிற்றிவிற்றி எண்டு ஒரு திருகி இருக்கு, ரேடியோச் சத்தம் மாதிரிக் கூட்டிக் குறைக்கலாம், அதைப் பாத்து வையுங்கோ" என்று சொன்னாய். அவர் "ஓம் ஓம்" என்றார். உன் அப்பாவின் "ஓம் ஓம்" என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம், இவ்வளவு நாள் பிள்ளையாக இருந்தும் உனக்கு இது பிடிபடவில்லையே! போனை வைத்ததும் அந்தத் திருகியைப் பிடித்து, போகக்கூடிய கடைசிவரை திருகினார். நான் கேட்டேன், ஏன் இப்படி முறுக்குகிறீர்கள் என்று. "கூட வச்சாத்தானேயப்பா கூடக் காட்டும்" என்றார்.

அந்த மனுசனின் சுபாவமே அதுதானே. தேத்தண்ணிக்குச் சீனி அள்ளிக் கொட்டுவார், எஞ்சினை முழுவேகத்தில் விடுவார், மாதா கோவில் பூசையில் பாட்டு வந்தால் பாடகர் குழுவையே மிஞ்சுவார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் ஒரு ரேடியோ இருந்ததே, அதை முழுச்சத்தத்தில் வைத்துவிட்டு "செய்தி ஒண்டும் விளங்கேல்ல, ஒரே இரைச்சல்" என்று ரேடியோவுக்கே ஏசுவார். நீ தவழ்ந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுவாய். செய்தி விளங்கும். "பாத்தியா, ரேடியோ தானா நல்லா வந்திட்டுது" என்பார். அந்த வீட்டில் வளர்ந்ததால்தான் நீ மின்சாரச் சாமான் திருத்தப் போனாய் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெட்டியைப் பூட்டி முதல் நாள் கடலுக்குப் போய் வந்தவர், முகம் முழுக்கப் பல்லாக வீட்டுக்குள் வந்தார். "இஞ்ச பாரப்பா, கடல் நிறைய மீன்! இவ்வளவு காலமும் குருட்டுக் கண்ணோட திரிஞ்சிருக்கிறன். திரை முழுக்கப் புள்ளி, புள்ளி, புள்ளி. எல்லாம் மீன்." அப்போது வலையில் என்ன என்று கேட்டேன். வலையில் பாசி இருந்தது. ஒரு பழைய செருப்பும் இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். புள்ளி கண்ட இடமெல்லாம் வலையைப் போட்டு இழுத்து, பெற்றோல்தான் குறைந்தது. பிறகு இன்னொரு புதினம் கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "கடலுக்கு அடியில தரை தெரியுதல்லோ, அதுக்குக் கீழ இன்னொரு தரை தெரியுது. கடலுக்குக் கீழ இன்னொரு கடல் கிடக்கு." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கேயும் மீனவர் சங்கம் இருக்கிறதா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழும்பினார். பிறகு வந்து சாப்பிட்டார்.

நீ போன் எடுத்துப் பெட்டி எப்படி என்று கேட்கும்போதெல்லாம், "திறம் சாமான் தம்பி, திறம் சாமான்" என்றாரே. அந்த நேரம் அவருக்கு வலையில் கறிக்கு மீன் இல்லை. அவர் முன்பு மீன் பிடித்த விதம் உனக்குத் தெரியும். கோவில் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் ஒரு நேராக வைத்துப் பார்ப்பார், தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார், பறவை எங்கே விழுகிறது என்று பார்ப்பார். பெட்டி வந்த பிறகு அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. திரையைப் பார்த்தபடியே போய், திரையைப் பார்த்தபடியே வெறும் போட்டோடு வந்தார்.

உங்கள் கலியாணத்துக்கு இரண்டு கோவிலிலும் பூசையில் பெயர் வாசித்து ஓலை கூறி முடிந்த கிழமையில், வெள்ளாங்குளத்திலிருந்து லான்ட்மாஸ்ரர் உழவு மெஷினில் அரிசி வந்து இறங்கியது. ஆட்டக்காரி நெல்லில் குத்தின அரிசி, கல் பொறுக்கி, புடைத்து, சாக்கின் வாயில் சிவப்பு நூலால் தைத்து அனுப்பியிருந்தார்கள். "அவையள் எங்க கொண்டு வரப் போயினம்" என்று முன்பே வாயை நெளித்த உன் பெரியம்மாவும் அன்றைக்கு வீட்டில் இருந்தாள். சாக்கை அவிழ்த்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தவள் ஒரு மணியும் சிந்தாமல் திரும்பச் சாக்குக்குள் போட்டாள். அப்பா சாக்குகளுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பெரியம்மா போன பிறகு என்னிடம் சொன்னார்: "அந்த மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டான். நான் சந்தை மீனை வாங்கி அவன்ர சோத்துக்குப் பக்கத்தில வைக்கிறதோ? அவன் ஒண்டும் சொல்ல மாட்டான். அதுதான் எனக்குத் தாங்கேலாது."

அப்போதுதான் மற்றதையும் சொன்னார். "பெட்டி பழுதப்பா. மீன் காட்டுது, ஆனா அங்க மீன் இல்லை. பெடியன் ஆசைப்பட்டு வாங்கி அனுப்பினவன். பழுதுச் சாமானைத் தலையில கட்டிப்போட்டாங்கள் எண்டு தெரிஞ்சா மனம் நொந்துபோவான். கலியாண மாப்பிளை. அவனிட்ட மூச்சு விடாத." தம்பி, உன் அப்பா முரடன், சத்தக்காரன், சொன்னது கேட்காதவன். ஆனால் வெறுங்கையோடு கரைக்கு வந்து, உன்னிடம் மட்டும் "திறம் சாமான்" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மனுசனை நினைக்க எனக்கு அழுகை வந்தது. குசினி அடுப்படிக்குப் போய்த்தான் அழுதேன்.

இனி என் பங்குக்கு வருகிறேன். எனக்கு அப்போது சுகந்திமேல் ஒரு குறை இருந்தது. போன் எடுத்தால் அந்தப் பிள்ளை கதைப்பதே இல்லை. "சாப்பிட்டியா பிள்ளை?" என்றால் "ம், சாப்பிட்டேன் அத்தை." "வேலை எப்படி?" என்றால் "இருக்கு அத்தை." பிறகு ஒரு அமைதி. எனக்கு மண்டைக்குள் மணி அடிக்கும். எங்களைப் பிடிக்கவில்லையோ, மீன்பிடிக்காரர் வீடு என்று யோசிக்கிறாளோ, அவள் 'அத்தை' என்பதும் நாங்கள் மாமியாரை 'மாமி' என்பதும் இடிக்கிறதோ, பெரியம்மா ஏதும் அவள் காதில் போட்டுவிட்டாளோ. ஒவ்வொரு அமைதிக்கும் ஒவ்வொரு கதை கட்டி, படுக்கையில் புரளுவேன். உன் அப்பா கடலில் செய்ததை நான் வீட்டில் இருந்தபடியே செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சித்தப்பா பெட்டியின் திரையை வீடியோ எடுத்து என் போனுக்கு அனுப்பியிருந்தார், யாராவது மெக்கானிக்குக் காட்டலாம் என்று. வேண்டாமென்று அப்பா சொன்னால் சொல்லட்டும், உனக்கே அதை அனுப்பிவிடுவோம் என்று நினைத்தேன். நான் அப்போது சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக்கை, கை முழுக்கச் செதில். உன் பெயருக்குக் கீழே சுகந்தியின் பெயர் இருந்தது. விரல் வழுக்கி அவளுக்குப் போய்விட்டது. ஐயோ என்று அழிக்கப் போனால் எப்படி அழிப்பதென்று தெரியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாதாவை மன்றாடினேன்.

சட்டி அடுப்பில் ஏற முன்னமே அவளிடமிருந்து போனில் குரல் பதிவு ஒன்று வந்தது. ஒரு வாரமாகக் கதைத்ததை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது, அத்தனை நீளம். "அத்தை, கோவிச்சுக்காதீங்க. இது மீன் காட்டுற மெஷின்தானே? இதில தெரியுறது மீன் இல்ல அத்தை, மழை. எங்க டொக்டர் அப்படித்தான் சொல்லுவார். ஸ்கான்லயும் இதே மாதிரித் திருகி இருக்கு, கெயின் எம்பாங்க, அதைக் கூட வச்சா படம் முழுக்கப் புள்ளி விழும். 'மழை பெய்யுது பிள்ளை, குறை' எம்பார். மெஷின் பழுதில்ல. அது எல்லாத்தையும் கேக்குது, தண்ணில இருக்கிற தூசியை, நுரையை, அதோட சொந்தச் சத்தத்தைக்கூட. அடியில இன்னொரு கோடு தெரியுதே, அதுவும் தரை இல்ல. சத்தம் ரெண்டு தரம் போயிட்டு வருது. மாமாவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க." நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மீனுக்காக இல்லை. இவ்வளவு கதைக்கிற பிள்ளையா இது என்று.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்து, மீசையைத் தடவி, "கலியாணம் முடியேல்ல, அதுக்குள்ள என்ர போட்டில கை வைக்கத் தொடங்கிட்டாள்" என்றார். கோபம் மாதிரித்தான் சொன்னார். ஆனால் பின்னேரம் போனவர் திருகியைக் குறைத்திருக்கிறார். எவ்வளவு குறைத்தார் என்று நினைக்கிறாய்? மற்றக் கரை வரைக்கும். அவருக்கு நடுவில் நிற்கத் தெரியாது. திரும்பி வந்து, "அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். மழை விட்டுது. திரை பளிங்கு மாதிரிச் சுத்தம்" என்றார். மீன்? "மீனும் இல்லை" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அகப்பையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

கலியாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. அடுத்த நாள் காலை நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால் கரைக்குப் போனேன். "நானும் வாறன்" என்றேன். அவர் நின்றுவிட்டார். உனக்குத் தெரியும், நான் போட்டில் ஏறுவதில்லை. சண்டைக் காலத்தில் சின்னப் பெட்டையாக இந்தக் கரையிலிருந்து அக்கரையில் இந்திய அகதி முகாமுக்கு ஓடியபோது, ஆட்கள் நிரம்பி வழிந்த போட்டில் அம்மாவின் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு போனவள். திரும்பி வந்த பிறகு, மீன்பிடிக்காரனைக் கட்டியும், ஒரு நாளும் கடலில் கால் வைக்கவில்லை. "உனக்கு ஏலாது" என்றார் அப்பா. "உங்களுக்குத்தான் ஏலாது. பெட்டியை நம்பி உங்களை விட ஏலாது" என்று சொல்லி ஏறிவிட்டேன். ஏறின பிறகு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். எஞ்சினை மெல்லத் தொடக்கி, மெல்லவே ஓட்டினார். தம்பி, உன் அப்பா எஞ்சினை மெல்ல ஓட்டி நீ கண்டிருக்கிறாயா? நான் அன்றைக்குக் கண்டேன். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கரை தெரிகிற தூரத்தில் போனுக்குச் சிக்னல் இருந்தது. சுகந்திக்கு வீடியோ கோல் எடுத்தேன். வேலைக்கு நடுவில் ஒரு மூலையில் நின்று எடுத்தாள். "அத்தை, நீங்க கடல்லயா இருக்கீங்க?" என்று கண்ணை விரித்தாள். போனைத் திரைக்கு நேரே பிடித்தேன். அவள் முதலில் கேட்டது, "மாமா, நிச்சயமா மீனே இல்லாத இடம் ஒண்ணு தெரியுமா?" என்று. அப்பா பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். "மீன் இல்லாத இடமோ பிள்ளை? அதைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவன். இவ்வளவு நாளும் அங்கதானே வலை போட்டனான்." வெறும் மணல் தரை உள்ள ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "இங்க என்ன தெரிஞ்சாலும் அது மழைதான் மாமா. இப்ப மெல்ல ஏத்துங்க… இன்னும்… புள்ளி விழத் தொடங்குது பாருங்க, இப்பக் கொஞ்சம் பின்னுக்கு… இல்ல இல்ல, அவ்வளவு இல்ல, ஒரு மயிரிழை." அப்பாவின் பெரிய விரல் அந்தச் சின்னத் திருகியில் ஒன்றில் கூடப் போனது, ஒன்றில் குறையப் போனது. வலை இழுக்கிற கை, மயிரிழை என்றால் அதற்கு என்ன தெரியும்! நான் என் கையை அவர் கைமேல் வைத்துத் திருகினேன். மழை விட்டது. அடியில் தரை ஒற்றைக் கோடாகத் தெரிந்தது. உன் அப்பாவின் இரண்டாவது கடல் காணாமல் போயிற்று.

"இதை இப்படியே வச்சிட்டு, இதே ஆழத்தில மீன் இருக்கக்கூடிய இடத்துக்குப் போங்க மாமா. ஆழம் கூடினா கொஞ்சம் ஏத்தணும். எந்த இடம்னு எனக்குத் தெரியாது, அது உங்களுக்குத்தான் தெரியும்." அவர் நிமிர்ந்தார். பெட்டி வந்த பிறகு முதல்தரமாகக் கோபுரத்தைப் பார்த்தார், பனைக்கூட்டத்தைப் பார்த்தார். கடலுக்கடியில் பாறை கிடக்கிற கற்பாரின் ஓரத்துக்கு மெல்ல ஓட்டினார். திரை வெறுமையாகவே இருந்தது. வெறுமையாக, வெறுமையாக. பிறகு தரைக்கு மேலே தடித்த வளைவு ஒன்று வந்தது, புருவம் மாதிரி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு கூட்டம். "மாமா, இது மழை இல்ல" என்றாள் சுகந்தி. அப்பா சொன்னார், "ஓம் பிள்ளை. இது பாரை."

பின்னேரம் வலை போட்டார், விடியப் போய் இழுத்தார். நீ ரயிலால் இறங்கி வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் பாரையைக் கண்டு "அப்பா, பெட்டி வேலை செய்யுது!" என்று துள்ளினாயே, அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ காணவில்லை. சாப்பாட்டு நேரம் நீ வெளியில் படம் பிடிக்கிறவனுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய். சம்பந்தி சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்து, "மீன் நம்ம சம்பந்தி வலையா?" என்று கேட்டார். பக்கத்தில் பெரியம்மா இருந்தாள், ஊரே இருந்தது. உன் அப்பா ஓம் என்று சொல்லி மீசையை முறுக்கியிருக்கலாம். அவர் சொன்னது இது: "வலை என்ரதான். ஆனா மீனைக் கண்டது உங்கட மகள்." வழமைபோல முழுச்சத்தத்தில்தான் சொன்னார். அந்த ஒரு முறை அந்தச் சத்தம் எனக்குக் கூடவாகப் படவில்லை. சம்பந்தி சுகந்தி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா எழும்பிப் போய்ச் சுகந்தியின் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

கலியாணம் முடிந்த இரண்டாம் நாள் காலை நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அவளைக் கரைக்குக் கூட்டிப்போய்ப் போட்டைக் காட்டினார். "எந்த இடத்தில நிக்க வேணும் எண்டு ஒரு அடையாளம் வச்சிட்டுப் போ பிள்ளை. நான் மறந்துபோவன்" என்றார். பெயின்ற் இல்லை, பேனையும் இல்லை. அவள் தன் நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து, திருகிக்குப் பக்கத்தில், அது நிற்க வேண்டிய இடத்துக்கு நேரே ஒட்டிவிட்டாள்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். புத்திமதி என்று நினைத்துக் கடிதத்தை மடித்துவிடாதே. அவள் கதைக்காமல் இருக்கிற நேரத்தில், என்ன கோபமோ, என்ன குறையோ என்று புள்ளி கண்ட இடமெல்லாம் வலை போடாதே. வேலை முடிந்து வந்த பிள்ளை சும்மா களைத்திருக்கும். ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்கு வந்த பிள்ளை தன் அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கும். அது மழை, விட்டுவிடும். அதற்காக உன் அப்பா மாதிரி மற்றக் கரைக்குத் திருகிவிட்டு, "எங்கட வீட்டில ஒரு பிரச்சினையும் இல்லை, பளிங்கு மாதிரிச் சுத்தம்" என்றும் இருக்காதே. நான் கோபமாகச் சட்டியைப் போட்டு உடைத்தாலும் "என்ன, பூனையோ?" என்று கேட்கிற மனுசனோடு நான் காலம் தள்ளிவிட்டேன். சுகந்திக்கு அந்த விதி வேண்டாம். எது மழை, எது மீன் என்று தெரியாவிட்டால் அவளிடமே கேள். அவளுக்குத் தெரியும், அவள் படித்ததே அதுதான். நானும் இப்போது அவள் போனில் பேசாமல் இருந்தால் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று அப்படி நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்தபோது, அவளாகவே "அத்தை, உங்க பாரைக் குழம்பு எப்படி வைக்கிறது?" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

கடைசியாக ஒன்று. இதை நான் எழுதவேண்டும் என்றுதான் உன் அப்பா முற்றத்தில் உலாத்திக்கொண்டிருக்கிறார், நான் எழுதுவது தனக்குத் தெரியாது என்ற பாவனையில். முந்தநாள் காற்றுக் கடல், தண்ணீர் அடித்து அந்தப் பொட்டு உரிந்து போய்விட்டது. வந்ததிலிருந்து முகம் சரியில்லை. நான் சிவப்புப் பெயின்ற்றில் ஒரு புள்ளி வைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அலுமாரியைத் திறந்து என் பொட்டுப் பெட்டியை எடுத்துக் காட்டினேன், இதில் ஒன்று ஒட்டுவோம் என்று. அதுவும் வேண்டாமாம். "அவள் வந்து ஒட்டட்டும்" என்கிறார். கோவில் திருநாளுக்கு உனக்கு லீவு கிடைக்குமோ தெரியாது, வேலை புது இடம் என்று நான் உனக்காகப் பரிந்து பேசினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவன் வராட்டில் பரவாயில்லை. அவளை வரச் சொல்லு."

அம்மா